தரைக்குள் இறங்கிய ஆணி

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். மஹய்யாவையிலிருந்து பஸ் ஏறி, மலைநாட்டு ஊரான மடுல்கெல்லைக்கு மேலே ஒரு பழைய வீட்டுக்கு மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் பிள்ளைகளுக்குப் பலமுறை சொன்ன இந்தச் சம்பவத்தை, இதை வாசிக்கும் சிறுவர்களாகிய உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் உங்கள் வயதில் ஒரு சிறுமி இருந்தாள். அவளால் நடக்க முடியாது. தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி நகர்ந்துதான் வீடெல்லாம் சுற்றுவாள். அந்தக் குளிரில் சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். அதனால் அவளுடைய அப்பா, தரைக்குள் சுடுநீர்க் குழாய் போட முடிவெடுத்தார். பழைய தரைமேல் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, சீமெந்துக் கலவையால் மூட வேண்டும். உள்ளே சுடுநீர் ஓடினால் தரை இளஞ்சூடாகும்.

மூடும்போது குழாயில் ஓட்டை விழுந்தால் தெரியவேண்டுமே! பிளம்பர் அதில் தண்ணீரை அழுத்தி நிரப்பி, அழுத்தம் காட்டும் ஒரு மீட்டரும் பூட்டியிருந்தார். "முள்ளு அசையுதான்னு பாத்துக்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சாமான் வாங்கப் போனார். அவள் மீட்டருக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பாதி அறையை முதல் நாளே மூடியிருந்தேன். மீதிக்கு மட்டம் பிடிக்க நூல் கட்ட வேண்டும். இருபது வருடப் பழக்கம். கை தானாக ஆணியை எடுத்தது. அடியில் குழாய் இருப்பதை மறந்து, மூடிய பக்கத்தில் வைத்து அடித்தேன். மூன்றாவது அடியில் ஆணியைச் சுற்றி ஈரம் கசிந்தது.

ஆணி குழாயைத் துளைத்துவிட்டது என்று புரிந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு கரண்டி கலவையை அள்ளி அதன்மேல் பூசிவிட்டேன்.

"பாஸ் மாமா, முள்ளு கீழ எறங்குது!" என்றாள் அவள். மேசனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மீட்டர் கோளாறா இருக்கும் பாப்பா."

அவள் சட்டைக் கையால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். "காலையில நல்லாதானே இருந்துச்சு. நான்தான் சரியா பாக்கலையோ?"

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "நீ சரியாத்தான் பாத்தே. நான் குழாயில ஆணி அடிச்சிட்டேன்."

வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். திரும்பி வந்த பிளம்பர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "ஏன் பாஸ், நாலு செவரு இருக்கே! ஆணியடிக்கத் தரைதானா கெடச்சிச்சு?" முதலில் சிரித்தவள் அவள்தான்.

"சொல்லாம மூடியிருந்தா?" என்று கேட்டார் அவளுடைய அப்பா.

"கொஞ்ச நாள்ல மொத்தத் தரையும் ஒடைக்க வேண்டியதுதான்" என்றார் பிளம்பர்.

இப்போது ஓரடி இடத்தை மட்டும் நானே உடைத்தேன். பிளம்பர் குழாயை ஒட்டுப்போட்டார். அவள் மறுபடியும் பொழுது சாயும்வரை காவல் இருந்தாள். முள் அசையவில்லை.

தரை நன்றாகக் காய்ந்து, சுடுநீர் விட்ட அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் நகர்ந்து நகர்ந்து நான் ஆணியடித்த இடத்துக்கே வந்தாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "இங்கயும் சூடா இருக்கு, பாஸ் மாமா!"

இன்றும் ஆணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், பிழை தன் கண்ணில்தான் என்று நம்பிக் கண்ணாடியைத் துடைத்த அந்தச் சின்னக் கை நினைவுக்கு வரும்; அதனால் என் தப்பு எதுவானாலும், இப்போதெல்லாம் அதை முதலில் சொல்கிறவன் நானாகவே இருக்கிறேன்.