கரடி தலையைக் கழற்றிய பிறந்தநாள்

வியாசர்பாடி எழில்மொழி வாரநாள்களில் ஏற்றுமதி கம்பெனியில் துணி மடிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரடி வேஷம் கட்டிப் பிறந்தநாள் விழாக்களுக்குப் போவாள். அனுப்புகிறவள் ராயபுரத்து மெர்லின். விழா எடுத்து நடத்தும் அவளிடம் சட்டதிட்டம் உண்டு: வேஷத்துக்குள்ளிருந்து பேசக் கூடாது, பிள்ளைகள் கண்ணெதிரே தலையைக் கழற்றக் கூடாது, விருந்தில் கை நனைக்கக் கூடாது, வீட்டார் பேச்சைத் தட்டக் கூடாது. எழில் தானாகக் கற்றுக்கொண்டது ஒன்று. பயந்த குழந்தையை நெருங்கக் கூடாது. தூரமாகத் தரையில் உட்கார்ந்து கையசைக்க வேண்டும். அதுவாக வந்தால் வரட்டும்.

தண்டையார்பேட்டை மண்டபம் ஒன்றில் தீபனுக்கு இரண்டாவது பிறந்தநாள். கரடியைக் கண்டதுமே அம்மா வினிதாவின் தோளில் முகம் புதைத்து வீறிட்டான். எழில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா ரவிக்குமாருக்குப் பொறுக்கவில்லை. உறவெல்லாம் பார்க்கிறது, போட்டோக்காரர் காத்திருக்கிறார்.

“ஆம்பளப் புள்ளைக்கு இன்னாடா பயம்? ஏய் கரடி, ஏந்திரி! புள்ளையத் தூக்கு!”

எழில் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கூட்டம் அதையும் வேடிக்கை என்று சிரித்தது.

ரவிக்குமார் பிள்ளையை வாங்கி அவள் மார்போடு அழுத்தினான். விட்டால் விழுந்துவிடுவானே என்று அவளும் பிடித்துக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. பயம் தெளிந்துவிட்டதென்று யாரோ கைதட்டினார்கள். கரடியின் வாய் ஓட்டை வழியே பார்த்த எழிலுக்குத்தான் தெரிந்தது: பிள்ளையின் வாய் திறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது.

ஒரு கையால் கரடித் தலையைப் பிடுங்கி எறிந்தாள்.

“யக்கா, புள்ள மூச்சு வுடல!”

வினிதா ஓடிவந்து வாங்கி, முகத்தில் ஊதினாள், முதுகைத் தட்டினாள். மூச்சு திரும்பித் தீபன் கதறினான். அதற்குள், உருண்டு கிடந்த கரடித் தலையைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அழத் தொடங்கியிருந்தார்கள்.

“விசேஷத்தையே பேஜார் பண்ணிட்டியே!” என்று ரவிக்குமார் கத்தினான். எழில் குனிந்து கரடித் தலையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மெர்லின் போனில் பிடித்துக்கொண்டாள். “தலைய ஏண்டி அங்கயே கழட்டுன? ஓரமாப் போவக் கூடாதா?”

“ஓரமாப் போறதுக்குள்ள இன்னா வேணா ஆயிருக்கும்க்கா.”

“அந்தாளு, விசேஷத்த நீ கெடுத்துட்டன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறாரு.”

அடுத்த ஞாயிறு அழைப்பு இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. எழிலை அரித்தது அதுவல்ல. தூக்கச் சொன்னபோதே ‘வேணாண்ணா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெர்லினின் சட்டத்துக்குப் பயந்து, மூச்சு நிற்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தோமே என்று கிடந்து புழுங்கினாள்.

ஒருநாள் மெர்லினே கூப்பிட்டாள். “எண்ணூர்ல ஒரு பர்த்டே கீது. வர்றியா?”

“அழுவுற புள்ளையக் கையில குடுக்கக் கூடாதுன்னு அவங்களாண்ட மொதல்லயே சொல்லுக்கா. மீறித் திணிச்சா நான் பேசுவேன்.”

“காசு குடுக்கறவங்களாண்ட அப்படில்லாம் கண்டிசன் போட முடியாதுடி.”

“அப்ப வேற ஆளப் பாத்துக்க.”

எண்ணூருக்கு புதிதாகச் சேர்ந்த நர்மதா என்கிற பெண் போவதாகத் தெரிந்தது. எழில் அவளைக் கூப்பிட்டு, பயந்த பிள்ளை இருந்தால் தரையில் உட்கார்ந்துவிடு என்று சொன்னாள்.

“தூக்கியே ஆவணும்னு சொன்னா இன்னாக்கா பண்றது?”

“வாயத் தொறந்து சொல்லு.”

“மெர்லின்க்கா திட்டுமே.”

“திட்டும்,” என்றாள் எழில்.