சக்கரத்துக்கு அடியில் போட்ட மண்

1962 அல்லது 63 இருக்கும். வருஷம் சரியாக நினைவில்லை, ஐப்பசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். அப்போது நான் சிதம்பரத்தில் ஒருவருடைய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுடைய தம்பி, உங்கள் மாமா, என் மச்சான்தான் எனக்குக் கிளீனர். பிள்ளைகளே, லாரியில் நடந்த எத்தனையோ கதைகளை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்ததுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் சிதம்பரத்தில் மேட்னி ஷோ பார்த்தோம். பழைய படம். ஒரு ஊரில் பெரிய தொழிற்சாலை வருகிறது. ஊரையே காலி செய்யச் சொல்கிறார்கள். புருஷன் சரி என்கிறான், பெண்டாட்டி மாட்டேன் என்கிறாள். கடைசியில் அவள் வீட்டைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு மாட்டு வண்டியில் ஏறுகிறாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

"எழுந்து வா மாமா. அந்தம்மா இந்நேரம் வூட்ல சோறு தின்னுகிட்டு இருக்கும்" என்றான் மச்சான்.

மறுநாள் காலையில் எங்களுக்கு ஒரு நடை கிடைத்தது. விருத்தாசலம் பக்கத்தில் நிலக்கரி எடுப்பதற்காகச் சில ஊர்களைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அப்படி ஒரு ஊரிலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே போய் இறக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களில் எட்டுக் குடும்பம் முன்னாலேயே போய் அங்கே கொட்டகை போட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே குடும்பம், புருஷனும் பெண்டாட்டியும். இரண்டு பேருக்கும் நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

ஏர், ஆட்டுக்கல், கோழிக் கூடு, கதவோடு பெயர்த்த நிலைவாசல் என்று எல்லாவற்றையும் ஏற்றினோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மிஷின் ஊர்க்கோடி மேட்டை நிரவிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் ஒரு சின்ன மூங்கில் கூடை, மேலே வேப்பிலை.

"தம்பி, நான் இத மடியில வச்சுகிட்டு முன்னால குந்திக்கட்டுமா?" என்று கேட்டார்.

"முன்னால எடம் இல்லம்மா. கூடை கீடையெல்லாம் பின்னால வச்சுடு" என்றேன். இடம் இருந்தது. சீட்டு அழுக்காகிவிடும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். கூடைக்குள் என்ன என்று கேட்கவில்லை. அவர் பின்னால் ஏறி, கூடையைக் கீழே வைக்காமல் சாமான் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டார்.

வழி முழுக்க நான் மச்சானுக்கு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, அந்தப் படத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த படம்தான். இருந்தாலும் சாவி போடுகிற கட்டத்தை இரண்டு தடவை சொன்னேன்.

சேத்தியாத்தோப்பைத் தாண்டி வாய்க்கால் கரையில் திரும்பியதும் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. அங்கே எல்லாம் கறுப்புக் களிமண். பின் சக்கரம் சுற்றுகிறதே தவிர ஏறவில்லை. வண்டி வாய்க்கால் பக்கமாகச் சாயவும் ஆரம்பித்தது. புருஷனும் பெண்டாட்டியும் இறங்கி, வைக்கோல் கொண்டு வருகிறோம் என்று வயல் பக்கம் ஓடினார்கள். அதுவரை பொறுக்க எனக்குப் பயம். வண்டி கவிழ்ந்தால் வேலை போய்விடும். சக்கரத்துக்கு அடியில் போட ஏதாவது கிடைக்குமா என்று மேலே ஏறிப் பார்த்தேன். கயிற்றில் அந்தக் கூடை தொங்கியது. வேப்பிலை காற்றில் பறந்துவிட்டிருந்தது. உள்ளே நல்ல மணற்பாங்கான செம்மண். மண்ணைக்கூட விடாமல் அள்ளிக்கொண்டு வருகிறார்களே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே, அப்படியே சக்கரத்துக்கு அடியில் கொட்டினேன். வண்டி ஏறிவிட்டது.

அந்த அம்மாள் இடுப்பில் வைக்கோலோடு வந்தார். முதலில் கயிற்றைப் பார்த்தார். பிறகு கவிழ்ந்து கிடந்த கூடையைப் பார்த்தார். பிறகு சேற்றில் சிவப்பாகத் தெரிந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார். வைக்கோல் கையை விட்டு விழுந்தது.

"அது எங்க அம்மன் கோயிலு மண்ணு தம்பி" என்றார் பின்னாலேயே வந்த புருஷன்.

ஊர் மாறிப் போகிறவர்கள் குலதெய்வத்தின் இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் வைத்துக் கோயில் கட்டுவார்கள். போய்ச் சேரும் வரை அதைத் தரையில் வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் குலதெய்வமே அப்படி வந்ததுதான். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை.

"திரும்பிப் போயி எடுத்தாந்துடலாங்க. நான் ஓட்டறேன்" என்றேன்.

"எங்க போயி எடுக்கறது? காலையில மிஷினு நிரவுச்சே, அந்த மேடுதான் கோயிலு. இப்ப எது எந்த மண்ணுன்னு யாரு சொல்லுவா? அங்க எட்டுக் குடும்பம் காத்துகிட்டு இருக்குது" என்றார் புருஷன்.

மச்சான் சமாதானமாக, "செம்மண்ணுதானக்கா. விருத்தாசலம் ரோட்டுல எங்க வெட்டுனாலும் கெடைக்கும்" என்றான்.

அந்த அம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்கம்மா இல்லன்னா பக்கத்து வூட்டம்மாவ இட்டாந்து வச்சுக்குவியா தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் லாரிக்கு அடியில் படுத்து நுழைந்தேன். பின் சக்கரம் இரட்டைச் சக்கரம் அல்லவா, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் செம்மண் அப்பியிருந்தது. அதை விரலால் நோண்டி எடுத்தேன். அந்த அம்மாள் தடத்தில் மண்டி போட்டு, கறுப்பிலிருந்து சிவப்பைப் பிரித்துப் பிரித்துப் பொறுக்கினார். நாலு பேரும் வெகுநேரம் பொறுக்கினோம். ஒரு கைப்பிடி சேர்ந்தது. அதிலும் களி கலந்திருந்தது.

இந்தத் தடவை நானே கதவைத் திறந்து அவரை முன்னால் ஏறச் சொன்னேன். மச்சான் தானாகவே பின்னால் போய்விட்டான். கூடை அவர் மடியில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்: "வழியெல்லாம் ஏதோ படக்கதை சொல்லிகிட்டு வந்தியே. அந்தம்மா கடசீல என்னா ஆனாங்க?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "சாவியக் கெணத்துல போட்டுட்டு வண்டி ஏறிட்டாங்கம்மா. அதோட வணக்கம்னு போட்டுட்டாங்க."

"வண்டி எங்க போயி நின்னுச்சுன்னு காட்டலியா?"

"இல்லம்மா."

"அதானே" என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டுக் குடும்பமும் கற்பூரத் தட்டோடு நின்றது. அவர்களில் மூத்தவர் கூடையை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "என்னா இது, இவ்ளோதான் இருக்குது? ஈரமா வேற கெடக்குது?" என்று கேட்டார். நடந்தது தெரிந்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். விடவும் கூடாது.

"வண்டி வாய்க்கால்ல சாஞ்சுதுண்ணா. கூட கவுந்து தண்ணியில பூடுச்சு" என்றார் அந்த அம்மாள். "இந்தத் தம்பிதான் வண்டிக்கு அடியில நுழஞ்சு இவ்ளோவாச்சும் மீட்டுச்சு."

அவர் சொன்னதில் பாதி பொய், பாதி நிஜம். புருஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தவர் சேறு அப்பியிருந்த என் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னை முன்னால் கூப்பிட்டு, முதல் விபூதியை என் நெற்றியில்தான் பூசினார். வாங்கிக்கொண்டேன். அந்த விபூதி நெற்றியில் நெருப்பு மாதிரி இருந்தது.

அந்தச் சுரங்கம் வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த நிலக்கரியிலிருந்து வரும் கரண்டில்தான் நீங்கள் படிக்கிறீர்கள், நானும் அதே விளக்கில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இன்றைக்கும் எந்தப் படத்தில் 'வணக்கம்' என்று எழுத்து வந்தாலும் என்னால் உடனே எழுந்துவிட முடிவதில்லை. திரையில் இருந்தவளுக்காக அவ்வளவு அழுத நான், என் வண்டியிலேயே வந்தவரிடம் கூடையில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதை நினைத்து, மற்றவர்கள் வெளியே போகும் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.