மூலத்தில் இல்லாத வரி

மாத்தளை நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் ஸக்கியாவின் காரியாலயம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் இருக்கும் காணி உறுதிப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றி, முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பது தொழில். பதினான்கு வருடமாகச் செய்கிறாள். மூலத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் அப்படியே காட்டுவாள். “அந்த மிஸ்ஸிட்ட ஒரு புள்ளியக்கூட மாத்த ஏலாது” என்று சட்டத்தரணிகளே சலித்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவளும் கணவன் ஸுஹைலும் வீடியோ கேம் பைத்தியங்கள் என்பது அந்தச் சட்டத்தரணிகளில் ஒருவருக்கும் தெரியாது. அதிலும் ‘தோணிக்காரன்’ என்றால் இருவருக்கும் உயிர். வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில், தப்பியவர்களை ஒவ்வொருவராக அக்கரை சேர்க்கும் ஒரு கிழவனின் கதை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று மூன்று பாகமாக வெளியிட்டது. பேச்செல்லாம் ஆங்கிலம். மூன்றுக்கும் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளைச் சும்மா, ஆசைக்கு எழுதி இணையத்தில் போட்டவள் ஸக்கியாதான். பெயர் போடவில்லை, ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும்.

மூன்றாம் பாகத்தின் முடிவில், கடைசி ஆளையும் கரையில் இறக்கிவிட்டு, ஓட்டை விழுந்த தோணியோடு கிழவன் ஆற்றில் அமிழ்ந்துபோகிறான். கதை அங்கே முடிந்தது. அடுத்த ஆறு வருடமும் நாலாம் பாகம் வேண்டுமென்று இணையத்துத் தமிழ் இரசிகர் குழுவில் கூச்சல் எழும்போதெல்லாம் ஸக்கியா எதிர்த்து மல்லுக்கட்டினாள். “அந்தாள் மௌத்தாப் போயிட்டார். திரும்ப எழுப்பினா அவர் அவ்வளவு பேரக் கரை சேத்ததுக்கே பெறுமதியில்ல” என்பாள் வீட்டிலும்.

“வந்தா நீங்க விளையாடாமலா ஈப்பீங்க?” என்று ஸுஹைல் சிரிப்பான்.

போன வருடம் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியிருக்கும். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த முத்துவீரன், மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக முன்னால் உட்கார்ந்திருந்தார். முத்திரையைக் கையில் எடுத்தபோது கணினியில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. அந்தக் கம்பனியிடமிருந்து. நாலாம் பாகம் தயாராகிறதாம். தமிழும் சேர்கிறதாம். அவளே செய்து தருவாளா? யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“என்னங்க மிஸ், மொகமே வெளுத்துப்போச்சு? புள்ள பேருல ஏதும் பெழைங்களா?”

“இல்ல ஐயா. உங்கட பேப்பர்ல ஒண்டுமில்ல.”

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக முத்திரையைத் தலைகீழாகக் குத்தினாள். முத்துவீரனை இன்னும் அரை மணி நேரம் காக்கவைத்து, முழுவதையும் மறுபடி அச்செடுக்க வேண்டியதாயிற்று.

மாட்டேன் என்றுதான் எழுத நினைத்தாள். ஆனால் வேறு யாரோ கையில் அகப்பட்டு அந்தக் கிழவன் கண்டபடி பேசுவான் என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். பத்து நாளில் முழுக்கதையும் வந்தது. முதல் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு குறிப்பு: தோணிக்காரன் ஆற்றில் அமிழும்போது “கரை தெரியுது” என்கிறான் என்பதை இரசிகர்கள் எல்லோரும் அறிவார்கள், நாலாம் பாகம் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது.

ஸக்கியா எழுந்தாள். கதவைப் பூட்டிவிட்டு இன்னொரு தடவை வாசித்தாள்.

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது. கிழவன் வாய் திறக்காமலேதான் போனான். ஆறு வருடத்துக்கு முன், அவள் தமிழ் வரிகளை எழுதிக் கடைசிக் காட்சிக்கு வந்து நின்ற பின்னேரம், பக்கத்தில் இருந்து பார்த்த ஸுஹைல் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“ஒரு வார்த்தையும் செல்லாமலா போறாரு? ஏதாச்சும் செல்ல வையுங்களே.”

அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் அழுகை. வெறுமையாகக் கிடந்த இடத்தில் “கரை தெரியுது” என்று தட்டிவிட்டாள். பிறகு அழிக்க மறந்தாள். அல்லது மனம் வரவில்லை.

அதை யாரோ தமிழ்ப் பையன்கள் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். ‘பார், அவன் சாகவில்லை’ என்று ஊரெல்லாம் பரவி, சட்டைகளில்கூட அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலக் குழுக்கள் பக்கம் அவள் போனதேயில்லை. தேடிப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. எதை எதிர்த்து ஆறு வருடமாகச் சண்டை பிடித்தாளோ, அதற்கு வித்திட்டதே அவள் கை.

அன்றே கம்பனிக்கு உண்மையை எழுதினாள். அந்த வரி உங்களுடையதல்ல, என்னுடைய தவறு, என்னை நீக்கிவிடுங்கள். மறுநாள் கம்பனியின் கதாசிரியை நாலு வரியில் பதில் போட்டிருந்தாள். அது தங்கள் வரியல்ல என்பது தெரியாமல் இருக்குமா? கதையை முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். அந்த வரியை வாசித்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை. உங்களைத் தேடியதே அதனால்தான்.

ஸக்கியா அந்தப் பதிலை எத்தனை தடவை திறந்து மூடினாள் என்று சொல்ல முடியாது. மன்னிப்பா, பழியா? ஆனாலும் விலகவில்லை, நாலு மாதம் வேலை செய்தாள். காணி உறுதியை எழுதுவதுபோல எழுதினாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் நாலாம் பாகம் வெளியானது. ஞாயிறு, நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த ஸுஹைல் சாப்பிடாமலே விளையாட உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கழித்து, “தமிழ் சரியில்ல. கோர்ட்டுக் கடுதாசி மாதிரி ஈக்கி. எவன் செஞ்சானோ!” என்றான்.

“நான்தான்.”

திரும்பிப் பார்த்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பின்னேரத்தையும் சொன்னாள். அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. விளையாட்டை நிறுத்தினான்.

“அப்ப... அந்தாளத் திரும்பக் கொண்டுவந்தது நாங்களா?”

“எழுதினது நான். நீங்க கேட்டது மட்டுந்தான்.”

“இப்ப என்ன செல்றீங்க? வந்தது சரியா, பிழையா?”

“பிழை” என்றாள் ஸக்கியா. “பிழைதான். கொஞ்சம் தள்ளி இரிங்க, எனக்கும் பாக்கோணும்.”