மரச்சுத்தியல் இல்லாமல் இறங்கிய குண்டு

ஒஸ்லோத் தமிழர்கள் ஓய்வு பெற்றதும் ஏதாவதொரு சங்கத்தில் சேர்ந்து தலைவர் பதவிக்கு அடிபடுவார்கள். நான் துப்பாக்கி சுடும் சங்கமொன்றில் சேர்ந்தேன். அங்கேயாவது சண்டைக்கு ஒழுங்கான விதிமுறை இருந்தது.

என்னுடையது பழைய முறைத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ள வேண்டும். இறுக்கமாக இருந்தால்தான் குறி தப்பாது என்றது கைநூல். கைநூல் சொன்னால் எனக்கு மறுபேச்சில்லை. ஒவ்வொரு குண்டையும் மரச்சுத்தியலால் தட்டித்தான் உள்ளே அனுப்பினேன்.

இரண்டாயிரத்து ஐந்து மாரியில், எங்கள் வீட்டுப் பக்கத்து அம்மருட் பஸ் தரிப்பில் உறைபனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இனிச் சுத்தியல் பிடிக்கக் கூடாது என்றார் வைத்தியர். போட்டியில் அவரவர் துப்பாக்கியை அவரவரே நிரப்ப வேண்டும் என்பது சங்க விதி. விலக்குக் கேட்டு மனுப் போடலாம். ஆனால் இருபது வருடம் நகரசபையில் கட்டட அனுமதி மனுக்களை நிராகரித்தவனுக்கு மனுவின் கதி தெரியும். கையால் தள்ளக்கூடிய பொருத்தம் கிடைக்காவிட்டால் துப்பாக்கியை விற்க வேண்டியதுதான்.

"வித்துப்போட்டு ஒரு தூண்டில் வாங்குங்கோவன். மீனாவது வீட்டை வரும்," என்றார் மனைவி.

எந்தக் குண்டுக்கு எந்தத் துணி என்று அட்டவணை போட்டேன். முதலில் மெல்லிய துணி என்று, புது வேட்டியொன்றின் ஓரத்தை வெட்டினேன். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் சுட்ட நான்கும் நான்கு திசையில் போயின. குண்டோடு வெளியே பறந்து முன்னால் விழுந்துகிடந்த துணியைப் பொறுக்கிப் பார்த்தால், ஓட்டை விழுந்து, ஓரமெல்லாம் உருகிக் கட்டிபட்டிருந்தது. வீட்டில் மனைவியிடம் காட்டினேன்.

"இது தனிப் பருத்தியில்லையப்பா. வெட்டமுதல் நூலைக் கொளுத்திப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அட்டவணை மட்டும் போடத் தெரியுது." ஒரு நூலை இழுத்து நெருப்புக்குச்சியில் காட்டினார். பிளாஸ்ரிக் மணந்தது. "பழைய தடிச்ச துணியையே வையுங்கோ. குண்டைச் சின்னனா வாங்கினால் என்ன?"

அந்தச் சின்னக் குண்டு கைநூலில் இருந்தது. 'குறி சற்றுக் குறையும்' என்ற அரை வரிக்காகவே நான் அதைத் தொடாமல் இருந்தேன். வித்தியாசம் ஏறத்தாழ ஒரு தலைமயிர்த் தடிப்பு. அதைப் பழைய மெத்தைத் துணியில் பொதிந்து, தேன்மெழுகும் நல்லெண்ணெயும் உருக்கித் தடவி, பெருவிரலால் அழுத்தினேன். மெல்ல உள்ளே போனது. மிச்சத்தைக் கோல் பார்த்துக்கொண்டது.

சில சென்ரிமீற்றருக்காக நான் திருப்பியனுப்பிய வாசற்படி வரைபடங்கள் அன்று நினைவுக்கு வந்தன. விதிப்படி நான் செய்தது சரி. திருத்தப்படாமலே கிடந்த பழைய படிகளில் யாராவது விழுந்திருப்பார்களா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வசந்தகாலப் போட்டியில் பதின்மூன்று முறை சுட வேண்டும். சுடச்சுடக் குழலுக்குள் கரி படியும். ஒன்பதாவது குண்டு பாதிவழியில் இறுகி நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினேன், இறங்கிவிட்டது. பதின்மூன்றும் சுட்டு முடித்தேன். பட்டியலில் கடைசிக்கு முந்திய இடம்.

பக்கத்தில் நின்று சுட்ட நோர்வேஜியர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"முன்பு இதைவிட நன்றாகச் சுடுவீர்களே?"

"உண்மைதான்," என்று சொல்லிவிட்டு, அடுத்த போட்டிக்கான படிவத்தை வாங்கி அங்கேயே நின்று நிரப்பினேன்.