'வில்'லா, 'கோயிங் டு'வா?

நாகலூர்ப் பள்ளி ஒன்றில் நான் ஆங்கில ஆசிரியை. என் கணவர் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கோயமுத்தூரில் ஒரு வேலைக்கு நேர்காணல் வந்ததால், ஆங்கிலம் சொல்லிக்கொடு என்று அவரே என்னிடம் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு எதிர்காலம் நடத்தினேன். அந்த நிமிடத்தில் தோன்றியதைச் சொன்னால் 'வில்'. முன்பே முடிவு செய்திருந்தால் 'கோயிங் டு'. ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன்.

"ஐ ஆம் கோயிங் டு லிவ் அலோன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "தப்புங்க. தனியா இருக்கப்போறேன்னு நீங்க எப்ப முடிவு பண்ணுனீங்க? இங்க 'வில்'தான் வரும்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இல்ல புள்ள, சரியாத்தான் சொன்னேன். முடிவு பண்ணி நொம்ப நாளாச்சு."

"வேலை கெடச்சா நானும் கூட வருவேனுங்களே?"

"வேண்டாம். நான் மட்டும் போறேன். நாம சேந்து இருந்தது போதும். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நான் கத்தியிருக்கலாம். காரணம் கேட்டிருக்கலாம். "அப்படின்னா 'கோயிங் டு' சரிதானுங்க," என்றேன். எழுந்துபோய்ச் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவினேன். மலைத் தண்ணீரின் குளிர்கூடக் கைக்கு உறைக்கவில்லை.

வேலை கிடைத்ததும் அவர் போய்விட்டார். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. வகுப்பில் மட்டும் ஒன்று மாறியிருக்கிறது. பிள்ளைகள் பேசும்போது குறுக்கிட்டுத் திருத்துவதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். வீட்டில் ஒருநாளாவது அப்படிக் காத்திருந்தேனா என்று நினைவில்லை.