சொந்தம் இல்லை என்று சொன்னோம்

என் அக்காவை அத்தை மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் வேலை. முதல் பையன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தான். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று தெருவே சொன்னது. ஒற்றைக்காலில் நின்று பெண் எடுத்த அத்தை மட்டும் மூன்று வருடமாக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அக்கா மறுபடி உண்டானாள். இதற்கும் அப்படி இருக்கிறதா என்று வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைப் பேச, சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் மதுரைப் பெண் டாக்டரிடம் போனோம். அத்தானுக்குப் பகல் ஷிப்ட். "உன் இஷ்டம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். டவுன் சிண்ட்ரோம் எங்கள் பாடத்தில் அரைப் பக்கம் வரும். மனப்பாடம் செய்திருந்தேன்.

பஸ்ஸில் அத்தை அக்காவிடம் சொன்னாள்: "ஏட்டி, சொந்தமான்னு கேட்டா அசல்னு சொல்லிரு. இல்லன்னா வைவாக."

"டாக்டர்கிட்ட பொய் சொல்லக் கூடாது அத்தை," என்றேன் நான்.

"நீ பேசாம இரு. நாஞ் சொல்லிக்கிடுதேன்."

டாக்டர் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் வம்சத்தையே படமாக வரைந்தார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"அசல்," என்றாள் அத்தை.

"பொண்ணோட அப்பாவுக்குக் கூடப்பிறந்தவங்க?"

"நான் ஒருத்திதான்."

பேனா நின்றது. "நீங்க மாமியார்னு சொன்னீங்களே?"

"ஆமா."

டாக்டர் மேற்கொண்டு கேட்காமல் ஒரு கோடு போட்டு இரண்டு குடும்பத்தையும் இணைத்தார். பையனின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "சொந்தத்துல கட்டினா வேற சில நோய் வரலாம். இது அதனால வரல. ஒரு குரோமோசோம் தானா கூடிப்போச்சு. யார் மேலயும் தப்பில்ல."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என்னைக் காட்டி, "அப்ப எங்க சின்னவனுக்கு இவளைக் கேக்கலாம்லா?" என்றாள்.

"வேற நோய் வரலாம்னு இப்பத்தான சொன்னேன்," என்றார் டாக்டர். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி வர வாய்ப்பு குறைவு, ஆனால் வராது என்று சொல்ல முடியாது என்றார். வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அரிதாக, ஊசியாலேயே கரு கலைந்துபோகலாம்.

"என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க தாயி," என்றாள் அத்தை.

"அதை அவங்கதான் முடிவு பண்ணணும்."

அத்தை என் காதில், "டாக்டருக்கே தெரியல போலுக்கு," என்றாள்.

நான் தொண்டையைச் செருமினேன். "என் கருத்து என்னன்னா..."

"உன்னைக் கேக்கல," என்றாள் அக்கா. டாக்டரிடம் திரும்பினாள். "இருக்குன்னு தெரிஞ்சா?"

"வேண்டாம்னா கலைக்கலாம். வேணும்னா பெத்து, ஆரம்பத்துலயே பயிற்சி கொடுக்கலாம்."

"எப்படி இருந்தாலும் நான் பெறத்தான் போறேன். ஊசியால போச்சுன்னா அது என் தலையில விடியும். இப்பத்தான் யார் மேலயும் தப்பில்லன்னு ஆயிருக்கு. ஊசி வேண்டாம்."

"யோசிக்க இன்னும் நாள் இருக்கும்மா."

"அதுவரைக்கும் இவிய ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாக. இப்பவே எழுதிக்கோங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார்.