சனிக்கிழமை ராத்திரி மேகம்

என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போர்ட் கிள்ளானிலிருந்து தனியாகச் சம்பான் படகில் மீன் பிடிக்கப் போனார். போனால் ரெண்டு ராத்திரி கடலில் தங்கித்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை சம்பான் மட்டும் கிடைத்தது. எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததால், புறப்பட்ட நாளையே திதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார் கோயில் ஐயர். வருஷா வருஷம் அன்றைக்கே இலை போட்டுப் படைத்தேன்.

படைத்த பிறகும் மனிதர் கனவில் வந்தார். சமையலறை வாசலில் ஈரக் கைலியோடு நிற்பார். பேசமாட்டார். உயிரோடு இருந்தபோதும் பசி வந்தால் இதே மூஞ்சிதான்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் மேகத்தைப் பற்றிப் படிக்கிறவள். வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். செட்டலைட் அனுப்பும் படத்தை வைத்தே எந்த மேகம் எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடுவாள். மழை வருது, துணியை எடு என்றால் மட்டும் காதில் விழாது.

"பழைய படமெல்லாம் வச்சிருப்பீங்களாடி?"

"இருக்கும்மா. ஏன்?"

"உங்கப்பா பசியா இருக்காரு. நாள் தப்பாப் போச்சான்னு பாரு லா."

அவள் சிரிக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள்.

"ராத்திரி படம்னா இருட்டாத்தானே இருக்கும்?"

"இது வெளிச்சத்தப் பாக்காதும்மா, சூட்டப் பாக்கும். மேகத்தோட தலை எவ்ளோ குளிரோ, அவ்ளோ வெள்ளையாக் காட்டும். அதுதான் உசரமான மேகம். காத்தும் மழையும் அதுலதான்."

வெள்ளி ராத்திரி கடல் கறுப்பாகக் கிடந்தது. அங்கங்கே சாம்பல் பூச்சு.

"தாழ்வான மேகம். ஒண்ணும் செய்யாது."

சனிக்கிழமை பகலும் அப்படியேதான். ராத்திரி சுமத்ரா பக்கமிருந்து வெள்ளை கிளம்பியது. உலை பொங்குகிற மாதிரி வந்து கிள்ளான் கடலை மூடியது.

மகள் படத்தை நிறுத்தினாள். "அம்மா, இதுல மேகந்தான் தெரியும். அப்பா தெரியமாட்டாரு. நிச்சயமாச் சொல்ல முடியாது."

"நீ சொல்ல வேணாம். காத்தில்லாத கடல்ல விழற ஆளா உங்கப்பா? தரையிலதான் தடுமாறுவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

இந்த வருஷம் படையலை மறுநாளுக்கு மாற்றினேன். பழைய திதியன்று என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அந்த நாள் முழுக்க அவர் நடுக்கடலில் தூண்டில் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார். இங்கே நான் அதே நாளில் அவருக்குச் செத்தவர் சோறு போட்டிருக்கிறேன்.

அன்று காலையில் குளித்துவிட்டு, மகளுடைய குங்குமத்தை எடுத்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டேன். அவள் பார்த்தாள். பொழுது சாயும்வரை நான் அதை அழிக்கவில்லை.